வெல்டிங் மேசைக்கு எந்த இரும்பு?

கேள்வி: சிறிய ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறேன். மெஷின் பேஸ், மோட்டார் பெட் போன்ற ஜாப்கள் வரும். அரை டன் வரை எடை இருக்கும். 50 ஆங்கிளில் செய்த என் பழைய மேசை, ஜாப்பை ஏற்றினால் நடுவில் தொய்கிறது. இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் புதிய மேசை செய்ய வேண்டும். ஃபிரேமுக்கு 'ஹை டென்சைல்' வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். பழைய தண்டவாளமே போதும் என்கிறார் நண்பர். எதை வாங்கலாம்?
– வாசகர், பட்டரவாக்கம்

பதில்: இரண்டும் வேண்டாம். ஐ.எஸ். 2062 தரத்து ஈ 250, அதாவது நாம் எம்.எஸ். என்று வாங்கும் சாதாரண இரும்பே போதும்.

ஹை டென்சைல் அதிகப் பாரத்தைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் உங்கள் மேசை உடையவில்லை, தொய்கிறது. பாரத்தில் இரும்பு எவ்வளவு வளையும் என்பதைத் தீர்மானிக்கும் மீட்சிக் குணகம் எல்லா எஃகுக்கும் ஏறக்குறைய 200 ஜிகாபாஸ்கல்தான். ஆகவே ஒரே அளவு சேனலை எந்தத் தரத்தில் வாங்கினாலும், ஒரே பாரத்துக்கு ஒரே அளவுதான் தொய்யும். தொய்வைக் குறைப்பது இரும்பின் வடிவமும் உயரமும்தான்.

50×50×6 ஆங்கிள் மீட்டருக்கு 4.5 கிலோ. 100 மி.மீ. சேனல் 9.56 கிலோ. எடை இருமடங்குக்குச் சற்றே அதிகம். ஆனால் முதுகு செங்குத்தாக நிற்கும்படி வைத்தால், தொய்வை எதிர்க்கும் திறன் அந்த ஆங்கிளைப் போல ஏறக்குறைய 15 மடங்கு! அதே சேனலைப் படுக்கவைத்தால் இந்தப் பலனில் பெரும்பகுதி போய்விடும்.

தண்டவாளத்தில் கார்பன் 0.6 முதல் 0.8 சதவீதம் வரை இருக்கும். ஈ 250-இல் உச்ச வரம்பே 0.23. கார்பன் கூடினால் வெல்டு ஓரம் ஆறும்போது கடினமாகி விரிசல் விடும். முன்சூடு கொடுக்காமல் வெல்டு வைக்கவே கூடாது. மேலும், முறையான பில் இல்லாத ரயில்வே பொருளைப் பட்டறையில் வைத்திருந்தால் 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கு வரலாம்.

சுற்றுச் சட்டத்துக்கு 100 சேனல் போடுங்கள். குறுக்கே அரை மீட்டருக்கு ஒன்றாக மூன்று சேனல். கால்களுக்கு 72×72×4 ஸ்கொயர் டியூப். குட்டையான அந்தக் கால் ஒன்றே நேர் பாரத்தில் 20 டன்னுக்கு மேல் தாங்கும் என்பதால் அதைவிடத் தடிமன் தேவையில்லை. கீழே குறுக்குச் சட்டம் அடித்து ஆட்டத்தை நிறுத்துங்கள். ஆவடியில் 1955-இல் தொடங்கிய டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா போன்ற ஆலைகளின் துல்லியக் குழாய்கள் வாகனங்களுக்கு உரியவை. மேசைக் காலுக்கு அந்தத் துல்லியம் வீண்செலவு. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. டியூப் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். வெல்டிங் சூட்டில் துத்தநாகப் புகை கிளம்பி, மூச்சில் ஏறி, அன்றிரவே காய்ச்சலாகப் படுக்க வைக்கும்.

மேல் பிளேட் 16 மி.மீ. இருக்கட்டும். பிளேட்டின் விறைப்பு தடிமனின் மும்மடி விகிதத்தில் ஏறுவதால், 10 மி.மீ. பிளேட்டைவிட 16 மி.மீ. நான்கு மடங்கு விறைப்பானது. உங்கள் அளவுக்கு எடை 251 கிலோ வரும். கிளாம்ப் பிடிக்க வசதியாகச் சுற்றிலும் 75 மி.மீ. வெளியே நீட்டிவிடுங்கள். பிளேட்டை ஃபிரேமோடு நெடுக வெல்டு செய்தால் அது சுருங்கி இழுத்து வளைத்துவிடும். போல்ட் போட்டு இறுக்குங்கள். வளைந்தால் ஷிம் வைத்துச் சரிசெய்யலாம்.

சாத்தங்காடு இரும்பு அங்காடியில் வாங்கினாலும் அம்பத்தூர்க் கடையில் வாங்கினாலும் டெஸ்ட் சர்டிஃபிகேட் கேளுங்கள், சேனலைத் தனியாக எடை போடுங்கள். ஆறு மீட்டர் நீளம் சுமார் 57 கிலோ இருக்க வேண்டும். வெகுவாகக் குறைந்தால் அது மெலிந்த சேனல், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிளேட்டின் மேல் நேர்க்கட்டை வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று லாரியில் ஏற்றும் முன்பே பாருங்கள்.

மேசையில் உள்ள வளைவு, அதில் செய்யும் ஒவ்வொரு ஜாப்பிலும் இறங்கும். அதன் விலையை ரிஜெக்‌ஷனில் கொடுப்பது உங்கள் உழைப்புதான். எனவே கையில் கூடுதல் காசு இருந்தால் உயர்ந்த தரத்தில் போடாமல் உயரத்திலும் தடிமனிலும் போடுங்கள்: 100-க்குப் பதில் 125 சேனல், 16-க்குப் பதில் 20 மி.மீ. பிளேட்.