தாதியருக்கு ஏன் நோய் வரவில்லை?

மருத்துவர் என்றதும் உங்கள் நினைவுக்கு வருபவர் யார்? கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்க, நாடி பிடித்துப் பார்த்து, மருந்துச் சீட்டு எழுதித் தருபவர்தானே? மற்றொரு வகை மருத்துவரும் உண்டு. 'இவருக்கு என்ன நோய்?' என்று கேட்பதோடு அவர் நிற்பதில்லை. 'இவர்களுக்கு வந்த நோய் அவர்களுக்கு ஏன் வரவில்லை?' என்றும் கேட்கிறார். நோயாளிகளோடு நோயற்றவர்களையும் சேர்த்து ஆராய்கிறார். அவரே தடுப்பு மருத்துவர். அவருடைய பணி எத்தகையது என்பதை ஓர் உண்மை வரலாற்றின் வாயிலாக அறிந்துகொள்வோம்.

பெல்லாக்ரா

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஒரு நோய் பரவலாகக் காணப்பட்டது. வெயில் படும் இடங்களான கை, கழுத்து, முகம் ஆகியவற்றில் தோல் சிவந்து, கறுத்து, தடித்து உரியும். பின்னர் வயிற்றுப்போக்கு ஏற்படும். நாளடைவில் மனம் குழம்பும். கவனிக்காமல் விட்டால் மரணம் நேரும். 'சொரசொரப்பான தோல்' என்ற பொருள்படும் இத்தாலியச் சொல்லால் இதனைப் 'பெல்லாக்ரா' என்று அழைத்தனர். ஸ்பெயின் நாட்டு மருத்துவர் காஸ்பர் காசால் 1735-லேயே இந்நோயைக் கண்டு விவரித்திருந்தார். மக்காச்சோளத்தையே முக்கிய உணவாகக் கொண்ட ஏழைகளிடம் இது மிகுதி என்பதும் தெரிந்திருந்தது. ஆனால் காரணம் விளங்கவில்லை.

அது கிருமிகளைப் பற்றிய கண்டுபிடிப்புகள் குவிந்துவந்த காலம். ஆகவே பெல்லாக்ராவும் ஒரு தொற்றுநோயே என்று பல மருத்துவர்கள் நம்பினர். 1914-ஆம் ஆண்டு அமெரிக்கப் பொது சுகாதாரப் பணித்துறை, இதன் காரணத்தைக் கண்டறியும் பொறுப்பை ஜோசப் கோல்ட்பர்கர் என்ற மருத்துவரிடம் ஒப்படைத்தது. மஞ்சள் காய்ச்சல், டெங்கு, டைஃபஸ் ஆகியவற்றை ஆராய்ந்த அனுபவம் உடையவர் அவர். அந்த ஆராய்ச்சிகளின்போது அந்த மூன்று நோய்களுமே அவரைத் தாக்கின! தொற்றுநோய் எப்படிப் பரவும் என்பதை அவரை விட நன்கு அறிந்தவர் யார்?

ஓர் அட்டவணை சொன்ன செய்தி

கோல்ட்பர்கர் நோய் மிகுந்திருந்த மனநோய் மருத்துவமனைகளுக்கும் அனாதை இல்லங்களுக்கும் சென்றார். அங்கு ஒன்றைக் கவனித்தார். நோயாளிகளுடனேயே இருந்து, அவர்களைத் தொட்டுப் பணி செய்த தாதியருக்கும் ஊழியருக்கும் பெல்லாக்ரா வரவில்லை. தொற்றுநோயாயின் அவர்களை மட்டும் எப்படி விட்டுவைக்கும்?

மிசிசிப்பி மாநிலத்தில் ஜாக்சன் நகரின் ஓர் அனாதை இல்லத்தில், 1914 ஜூலையில் அவர் கண்ட கணக்கு இது:

6 வயதுக்கு உட்பட்டோர்: 25 பேர், நோயுற்றோர் 2
6 முதல் 12 வயது வரை: 120 பேர், நோயுற்றோர் 65
12 வயதுக்கு மேற்பட்டோர்: 66 பேர், நோயுற்றோர் 1

எல்லாரும் ஒரே வளாகத்தில் வாழ்ந்தவர்கள். நடு வயதுக் குழந்தைகளை மட்டும் நோய் தேடிப் பிடித்தது ஏன்? சமையலறையில் விடை கிடைத்தது. மிகச் சிறியவர்களுக்குப் பால் கொடுத்தார்கள். பெரியவர்கள் வேலை செய்ததால் அவர்களுக்கு இறைச்சி கிடைத்தது. இடைப்பட்டவர்களுக்கோ பெரும்பாலும் மக்காச்சோள மாவும் பாகும்தான். ஊழியர்களின் தட்டில் பாலும் முட்டையும் இறைச்சியும் இருந்தன.

கோல்ட்பர்கர் உணவை மாற்றச் செய்தார். பால், முட்டை, இறைச்சி, பயறு ஆகியன சேர்க்கப்பட்டன. இல்லத்தின் சுகாதார நிலையில் வேறு எந்த மாறுதலும் செய்யப்படவில்லை. அடுத்த ஆண்டில் நோய் ஏறத்தாழ மறைந்தே போயிற்று.

இரு சோதனைகள்

நல்ல உணவு நோயைத் தடுக்கிறது என்பது தெரிந்தது. குறையுள்ள உணவு நோயை உண்டாக்குமா? 1915-இல் மிசிசிப்பியின் ராங்கின் சிறைப் பண்ணையில், விடுதலை அளிப்பதாக ஆளுநர் வாக்களித்ததன்பேரில் 12 கைதிகள் சோதனைக்கு முன்வந்தனர். பாலும் இறைச்சியும் இல்லாத, மக்காச்சோளமும் மாவுப் பண்டங்களும் மிகுந்த உணவு அவர்களுக்கு அளிக்கப்பட்டது. இறுதிவரை இருந்தவர் 11 பேர். ஆறு மாதத்திற்குள் அவர்களில் 6 பேருக்குப் பெல்லாக்ராவின் அடையாளங்கள் தோன்றின. வழக்கமான உணவை உண்ட மற்றக் கைதிகளுக்குத் தோன்றவில்லை. விடுதலையைக் காட்டிக் கைதிகளை இவ்வாறு சோதனைக்கு உட்படுத்துவதை இன்றைய மருத்துவ நெறிமுறைகள் ஏற்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இதன் பிறகும், நோய் தொற்றக்கூடியதே என்று வாதிட்டவர்கள் இருந்தனர். 1916-இல் கோல்ட்பர்கர் தம் உடலையே சோதனைக் களமாக்கினார். நோயாளிகளின் இரத்தத்தைத் தமக்கு ஊசி மூலம் செலுத்திக்கொண்டார். அவர்களுடைய தோல் செதில்களையும் கழிவுகளையும் மாவில் உருட்டி விழுங்கினார். உடன் பணியாற்றிய மருத்துவர்கள் சிலரும் அவ்வாறே செய்தனர். அவருடைய மனைவி மேரியும் இரத்த ஊசி போட்டுக்கொண்டார். ஒருவருக்கும் பெல்லாக்ரா வரவில்லை.

சட்டைப்பையில் இருந்த காரணம்

இத்துடன் வேலை முடிந்துவிட்டதா? 'பாலும் இறைச்சியும் பயறும் சாப்பிடுங்கள்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் போதாதா? ஏழை மக்கள் அவற்றை ஏன் உண்ணவில்லை என்ற அடுத்த கேள்வியை அவர் கேட்டார். இதற்கு விடை காண எட்கர் சைடென்ஸ்ட்ரிக்கர் என்ற பொருளியல் அறிஞரைத் துணை சேர்த்துக்கொண்டார். இருவரும் 1916 முதல் தென் கரோலினாவின் பஞ்சாலை ஊர்களில் வீடு வீடாகச் சென்று, யாருக்கு நோய், என்ன உணவு, எவ்வளவு வருமானம் என்று கணக்கெடுத்தனர். வருமானம் குறையக் குறைய நோய் கூடிற்று. அக்கம்பக்கத்து உழவர்களிடமிருந்து பாலும் காய்கறியும் இறைச்சியும் கிடைத்த ஊர்களில் நோய் குறைவாக இருந்தது.

தென் மாநிலங்களில் நிலமெல்லாம் பருத்தி. வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பங்களுக்குக் காய்கறித் தோட்டம் போடவும் மாடு வளர்க்கவும் இடமில்லை. கடனுக்குக் கிடைத்த மக்காச்சோள மாவும், பாகும், உப்பிட்ட பன்றிக் கொழுப்புமே அவர்களுடைய உணவு. பருத்தி விலை சரிந்தால் பெல்லாக்ரா பெருகும் என்று கோல்ட்பர்கர் எச்சரித்தார். இந்தப் பேச்சு தென்பகுதித் தலைவர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. தங்கள் மண்ணை இழிவுபடுத்துவதாகக் கோபம் கொண்டனர்.

ஜாக்சனிலும் ஒரு பாடம் கிடைத்தது. நல்ல உணவுக்கு அரசு தந்த பணம் நின்றதும் பழைய உணவு திரும்பியது, நோயும் திரும்பியது. காரணம் தெரிந்துவிட்டது, தடுக்கும் வழியும் தெரிந்துவிட்டது. ஆனால் கூலியை உயர்த்தவும், நிலம் தரவும் மருத்துவருக்கு அதிகாரம் இல்லை.

விலை மலிவான வழி ஒன்றைத் தேடிய கோல்ட்பர்கர், ஈஸ்ட் சிறிதளவு உண்டாலே நோய் நீங்குவதைக் கண்டார். 1927-இல் மிசிசிப்பி ஆற்றில் பெருவெள்ளம் வந்தபோது செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் ஈஸ்ட் பெருமளவில் வழங்கப்பட்டது. 1929-இல் அவர் புற்றுநோயால் காலமானார். உணவில் குறைந்த அந்தச் சத்து நிகோடினிக் அமிலம், அதாவது நியாசின் என்பது, 1937-இல் கான்ராட் எல்வெஜெம் செய்த ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. பின்னர் அமெரிக்காவில் மாவில் நியாசின் சேர்க்கப்பட்டது. மக்களின் வாழ்க்கை நிலையும் உயர, பெல்லாக்ரா மறைந்தது.

சுண்ணாம்பின் மாயம்

மக்காச்சோளத்தின் தாயகம் மெக்சிகோ. அங்கு இந்நோய் ஏன் பெருகவில்லை? மக்காச்சோளத்தில் நியாசின் இருந்தாலும், அது உடல் ஏற்க முடியாதபடி பிணைந்து கிடக்கிறது. மெக்சிகோ மக்கள் தானியத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து அரைக்கிறார்கள். அப்போது அந்தப் பிணைப்பு விடுபடுகிறது. ஐரோப்பியர் தானியத்தைக் கொண்டு சென்றனர். சமைக்கும் முறையைக் கொண்டு செல்லவில்லை!

நம் நாட்டில்

தக்காணப் பீடபூமியில் சோளத்தை முக்கிய உணவாக உண்ட ஏழைகளிடமும் பெல்லாக்ரா காணப்பட்டது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் ஐதராபாத்தில் இதனை ஆராய்ந்தார். சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் என்ற அமினோ அமிலம் இதற்குக் காரணமாகலாம் என்ற கருத்தை 1960-இல் முன்வைத்தார்.

தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்திற்கென்றே தனித் துறை உண்டு. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் குடிநீர், வடிகால், கொசு ஒழிப்பு, தொற்றுநோய் அறிவிப்பு போன்றவற்றுக்கு வழிவகுத்தது. ஓர் ஊரில் வயிற்றுப்போக்கு பரவினால், நோயாளிகளுக்குச் சிகிச்சை நடக்கும்போதே, குடிநீர்க் குழாயை ஆராய மற்றொரு குழு புறப்படுகிறது. அவர்களும் கோல்ட்பர்கரின் கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எந்தத் தெருவில் நோய்? எந்தத் தெருவில் இல்லை? ஏன்?

இத்தகைய மருத்துவருக்கு நன்றி சொல்வோர் குறைவு. அவரால் நோயிலிருந்து தப்பியவருக்குத் தாம் தப்பியது தெரியாதல்லவா!

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. பெல்லாக்ரா தொற்றுநோயாக இருந்திருந்தால் அனாதை இல்லத்தின் அட்டவணை எவ்வாறு அமைந்திருக்கும்?

2. சிறைப் பண்ணையில், வழக்கமான உணவை உண்ட கைதிகளையும் கவனித்தது ஏன்?

3. உங்கள் வகுப்பில் ஒரு வாரத்தில் காய்ச்சலால் வராதவர்கள் யார் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் வசிக்கும் தெரு, குடிக்கும் நீர் ஆகியவற்றையும் வராதவர்களோடு வந்தவர்களையும் ஒப்பிட்டு அட்டவணையாக எழுதுங்கள். அந்த அட்டவணை என்ன சொல்கிறது?