பாலை மரமும் பல்லுயிர்த் தரவுத்தளமும்

ஆனி, ஆடி மாதங்களிற் பாலைப்பழம் உண்டு, உதடு ஒட்டிக்கொள்ள வகுப்பறை புகுந்த நாள்களை நம் கல்லூரிப் பழைய மாணவர் மறந்திரார். ஆயின், பாலை என்பது எம்மரம்? வெட்பாலையும் ஏழிலைப்பாலையும் வேறு. வன்னிப் பாலையோ இலுப்பைக் குடும்பத்தைச் சேர்ந்தது. முதிரையும் அவ்வாறே. பண்டை நூல்களில் அது பருப்பு வகை. நம் காட்டிலோ வைரமேறிய மரம். அம்மரத்தைத் தமிழகத்தார் பொரசு என்பர். "முதிரை அருகிவிட்டது" என நாம் எழுதினால், அயலார் விளைச்சற் குறைவென்று கருதவுங்கூடும்!

இம்மயக்கத்தைப் போக்க எழுந்ததே அறிவியற் பெயர். அதுவும் மாறுவதுண்டு. ஹென்றி திரைமன் 1893 முதல் வெளியிட்ட இலங்கைத் தாவர நூலில் நம் பாலை 'மிமுசொப்ஸ் ஹெக்சாண்ட்ரா'. இன்று அது 'மணில்காரா ஹெக்சாண்ட்ரா'. பழம்பெயர், புதுப்பெயர், ஊர்ப்பெயர் யாவற்றையும் ஓருயிரின்கீழ்ச் சேர்த்து வைப்பது பல்லுயிர்த் தரவுத்தளத்தின் முதற்பணி. இவற்றுட் பெரியது, கோபனேகனைத் தலைமையிடமாகக் கொண்டு 2001இல் அமைந்த உலகப் பல்லுயிர்த் தகவலமைப்பு. 200 கோடிக்கு மேற்பட்ட பதிவுகள் அதன்கண் உள. எவ்வுயிர், எவ்விடம், எந்நாள், கண்டவர் யார், சான்று யாது என்னும் வினாக்களுக்கு விடையே ஒரு பதிவு.

ஈண்டே வன்னிக்கு ஓரிடர் உளது. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் ஆய்வாளர் பலர் இங்கு வர இயலவில்லை. யால, சிங்கராஜப் பகுதிகளிற் புள்ளிகள் செறிந்து தோன்றும் படத்தில், நம் குளங்களும் பற்றைக்காடுகளும் பெரும்பாலும் வெறுமையாகவே காணப்படுகின்றன. சென்று பார்த்து எழுதுவார் இல்லாமையால் வந்த வெறுமை அது. எனினும், தெருவோ கற்குவாரியோ அமைக்க இடந்தேடுவோர், பதிவில்லாத நிலத்திற் பாதுகாக்க ஏதுமில்லையென முடிவு செய்தல் எளிது. சுண்டிக்குளம் 1938இற் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. பெயரறியாச் சிறுகுளங்களுக்கு அக்காவல் இல்லை.

சென்ற ஆண்டு மாணவர் சிலரை இரணைமடுக் குளக்கட்டுக்கு அழைத்துச் சென்றோம். ஒருவன் குறிப்பேட்டில் "கொக்கு, நிறைய" என்றிருந்தது. தமிழிற் பிழையில்லை, பதிவாக அது பயன்படாது. கரிய அலகும் மஞ்சட் பாதமும் உடையது சின்னக்கொக்கு. மஞ்சள் அலகுடன் மாட்டின் பின் செல்வது உண்ணிக்கொக்கு. இவ்வேறுபாட்டை யாமும் அன்றே கற்றோம். மறுமுறை அவன் நாளும் நேரமும் குறித்து, "சின்னக்கொக்கு 14, ஐயத்துக்குரியன 3" என எழுதினான். அந்த மூன்றே எம்மைப் பெரிதும் மகிழ்வித்தது.

இன்னுமொன்று. நட்சத்திர ஆமையைக் கண்டோர் கண்ட இடத்தை வெளிப்படையாக எழுதலாகாது. கடத்துவோரும் அதனை வாசிப்பர். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் அருகிவரும் உயிர்களின் இருப்பிடத்தை ஏறத்தாழ 20 கிலோமீற்றர்ச் சதுரத்துள் மறைத்தே காட்டும். முகநூலில் இடும் படத்துக்கு அம்மறைப்பில்லை.