50 கிலோமீட்டர் கேட்டேன், கிள்ளான் வரவில்லை

போன பள்ளி விடுமுறையில் செந்தூல் பிள்ளைகளையும் கிள்ளான் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு ஜியோகேச்சிங் நாள் நடத்தலாம் என்று முடிவானது. பட்டியல் எடுக்கும் வேலை என் தலையில். "இன்ஜினியரிங் படிக்கிற பையன்தானே, அவனே பாத்துக்குவான்" என்று விட்டுவிட்டார்கள். செந்தூலை மையமாக வைத்து, ஆரம் 50 கிலோமீட்டர் என்று போட்டு, வந்த பட்டியலை வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் கிள்ளான் அக்கா ஒருவர் அழைத்தார். "ஏன் தம்பி, எங்க ஊர்ல ஒண்ணுகூட இல்லையா?"

"இல்ல போலிருக்கு அக்கா" என்று சொல்லிவிட்டேன். அதை நம்பி எல்லாரையும் செந்தூலுக்கே வரச் சொன்னார்கள். கிள்ளானிலிருந்து வந்துபோகும் செலவுக்கு யோசித்து நாலைந்து பிள்ளைகள் வரவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஜியோகேச்சிங் தெரியாதவர்களுக்கு: யாரோ ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை ஒளித்து வைத்து, அதன் ஜிபிஎஸ் எண்களை இணையத்தில் போடுவார். நாம் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்கா பொதுமக்களின் ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியது. அடுத்த நாளே ஒரேகான் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் முதல் வாளியை ஒளித்து வைத்தார். அவ்ளோதான், விளையாட்டு உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

சரி, கிள்ளான் ஏன் வரவில்லை? செந்தூலிலிருந்து அது நேர்கோட்டில் ஏறக்குறைய 31 கிலோமீட்டர். 50க்குள் தாராளமாக அடங்கும். ஆனால் ஆரத்தோடு இன்னொரு கட்டத்தையும் நான் நிரப்பியிருந்தேன்: அதிகபட்சம் எத்தனை பெட்டி வேண்டும் என்பது. போன் தாங்காது என்று 100 போட்டிருந்தேன். தேடல் என்ன செய்கிறது என்றால், மையத்துக்கு மிக அருகில் இருப்பதிலிருந்து தூரம் கூடக் கூட வரிசைப்படுத்தி, 100 ஆனதும் நிறுத்திவிடுகிறது. "இன்னும் இருக்கு, நான் வெட்டிட்டேன்" என்று பட்டியலில் ஒரு வரிகூட வராது. கடைசி வரிசையில் இருந்த பெட்டியின் தூரத்தை அப்புறம் பார்த்தேன். கிள்ளானுக்குப் பாதி வழிகூட இல்லை. அதாவது நான் கேட்ட 50 வெறும் பேச்சு. அந்தக் கடைசிப் பெட்டி எவ்வளவு தூரமோ, அதுதான் எனக்குக் கிடைத்த உண்மையான ஆரம்.

பணம் கட்டிய உறுப்பினர்களுக்குக் கிடைக்கும் பாக்கெட் குவெரியில் ஒரு தேடலுக்கு உச்சம் 1000 பெட்டி, ஒரு நாளைக்கு 10 தேடல். 1000 என்றால் நிறைய மாதிரி தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பெட்டிகளுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. 161க்கு 161 கட்டம் கட்டமாக நெருக்கி அடுக்கினால் ஒரு சதுர கிலோமீட்டரில் சுமார் 38 பெட்டி வைக்கலாம். அப்படி ஒரு ஊர் இருந்தால் 3 கிலோமீட்டர் ஆரத்துக்குள்ளேயே 1000 நிரம்பிவிடும். செந்தூலிலிருந்து பிரிக்பீல்ட்ஸ்கூட அதற்குள் வராது! நம் ஊரில் அவ்வளவு நெருக்கம் இல்லை, ஆனால் ஆரத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பளவு நான்கு மடங்கு ஆகும் என்பதை மறக்காதீர்கள். 10 கிலோமீட்டர் ஆர வட்டமே 314 சதுர கிலோமீட்டர். கோலாலம்பூர் மொத்தமும் 243தான்.

நான் செய்த இன்னொரு தப்பு: 100 பெட்டியை எடுத்த பிறகு, பிள்ளைகளுக்குக் கஷ்டமான இடங்களைக் கையால் நீக்கினேன். தலைகீழ் வேலை. ஒவ்வொரு பெட்டிக்கும் தேடுவதற்கு எவ்வளவு சிரமம், நிலப்பகுதி எப்படி என்று 1 முதல் 5 வரை நட்சத்திரம் இருக்கும். நிலப்பகுதி 2க்குள் என்று தேடலிலேயே போட்டிருந்தால், அந்த 100 இடமும் நமக்கு வேண்டிய பெட்டிகளுக்கே போயிருக்கும். பட்டியலும் இன்னும் தூரம் எட்டியிருக்கும்.

வந்த எண்ணிக்கை நீங்கள் போட்ட வரம்புக்குச் சரியாகச் சமமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். 100 கேட்டு 73 வந்தால் முழுப் பட்டியல். 100 கேட்டு 100 வந்தால் பெரும்பாலும் வெட்டு விழுந்திருக்கும். அப்போது மையத்தை மாற்றித் தேடலாம், செந்தூல் ஒன்று, ஷா ஆலம் ஒன்று, கிள்ளான் ஒன்று என்று. வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை என்றால் நடுவில் இடைவெளி விழும்; ஏறினால் ஒரே பெட்டி இரண்டு முறை வரும், அதன் குறியீட்டு எண்ணை வைத்து நீக்கலாம். எனக்குப் பிடித்தது, பெட்டி வைத்த தேதியை வைத்துப் பிரிப்பது. 2012 வரை ஒரு தேடல், அதற்குப் பின் ஒன்று. இடைவெளியும் இல்லை, இரட்டிப்பும் இல்லை. பழைய பகுதியின் எண்ணிக்கை இனி கூடப்போவதும் இல்லை.

வழிநெடுகத் தேடும் வசதியும் உண்டு. கிள்ளான்வரை ஒரு நேர்கோடு போட்டு, இருபுறமும் 2 கிலோமீட்டர் என்றால் 124 சதுர கிலோமீட்டர்தான். அதே கிள்ளானைத் தொட 31 கிலோமீட்டர் ஆர வட்டம் போட்டால் 3,000க்கு மேல். ஒன்று மட்டும் கவனம்: தேடல் காட்டுவது நேர்கோட்டுத் தூரம். செந்தூல் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் 300 மீட்டர் என்று காட்டும் பெட்டிக்கு எவ்வளவு சுற்ற வேண்டும் என்று இங்கே வளர்ந்த பிள்ளைகளிடம் கேளுங்கள்.

அந்த அக்காவை அழைத்து, நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டேன். வரும் விடுமுறைக்கான பட்டியலைக் கிள்ளானை மையமாக வைத்தே எடுத்திருக்கிறேன். இந்த முறை செந்தூல் பிள்ளைகள்தான் அங்கே போகிறார்கள்.