சித்திரையில் அறுத்த சாமை

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் செங்கம் பக்கம். நான்கு ஆண்டுகளாக ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரை அடுத்த ஒரு சிற்றூரில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களை வைத்து ஒரு நாவல் தொடங்கி அறுபது பக்கம் எழுதிவிட்டேன். செம்மரம் வெட்டப் போய்ச் சுடப்பட்டு இறந்த ஒருவரின் குடும்பம்தான் கதை. "அது அவங்க கதை, எழுத நீ யாரு?" என்கிறார் நண்பர். முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன். எழுதலாமா, விட்டுவிடவா?

பதில்: எழுதுங்கள். ஆனால் நண்பர் கேட்டதை மறந்துவிடாதீர்கள். எழுதி முடிக்கும்வரை அது உறுத்திக்கொண்டே இருக்கட்டும்.

ராஜம் கிருஷ்ணன் படகர் இல்லை. மின்பொறியாளரான கணவரோடு நீலகிரியில் வாழ்ந்தவர், படகர் வாழ்வை வைத்துக் 'குறிஞ்சித்தேன்' எழுதினார். ச. பாலமுருகன் சோளகர் இல்லை. மனித உரிமை வழக்கறிஞர். வீரப்பன் தேடுதல் வேட்டையில் அந்த மக்கள் பட்ட பாடு 2004இல் 'சோளகர் தொட்டி' ஆனது. அங்கேயே கிடந்து, காது கொடுத்துக் கேட்டு எழுதியவர்கள் இவர்கள். கேரளத்தில் மலையரையர் சமூகத்தில் பிறந்த நாராயன், தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே 'கொச்சரேத்தி' எழுதினார். 1998இல் வந்த அந்த நாவலைப் படித்தால், வெளியிலிருந்து போகிறவர் எதற்கெல்லாம் வியந்து நிற்பாரோ, அதையெல்லாம் உள்ளே இருப்பவர் எவ்வளவு சாதாரணமாகத் தாண்டிப் போகிறார் என்பது புரியும்.

இந்த வியப்புதான் உங்கள் அத்தியாயத்தில் எனக்கு உறுத்துகிறது. இரண்டாம் பக்கத்தில் 'கள்ளங்கபடமற்ற மலைவாழ் மக்கள்' என்கிறீர்கள். நான்கு வருஷமாக அவர்களோடு புழங்குகிறீர்கள். கடன் வாங்கித் திருப்பாதவர், பங்காளி நிலத்தில் வரப்பைத் தள்ளிப் போட்டவர் ஒருவரைக்கூடவா பார்க்கவில்லை? ஒரு கூட்டத்தையே நல்லவர்கள் என்று சொல்லிவிட்டால் அதில் எந்த ஆளுக்கும் முகம் இருக்காது. அடுத்து, உரையாடல். தமிழ் பேசும் மக்களை, பழைய சினிமாக் காட்டுவாசி மாதிரி வாக்கியத்தை உடைத்து உடைத்துப் பேச வைத்திருக்கிறீர்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் இப்படியா பேசுகிறார்கள்?

நானும் பட்டிருக்கிறேன். என் முதல் நாவலில் ஒரு மலையூர் வரும். சடங்கு, சாமி, குலம் எல்லாவற்றையும் நூலகத்தில் உட்கார்ந்து சரிபார்த்தேன். புத்தகம் வந்ததும் அந்த மலைக்காரப் பெரியவர் ஒருவருக்கு அவர் பேரன் வாசித்துக் காட்டினான். நான் பயந்த இடங்களையெல்லாம் அவர் கண்டுகொள்ளவே இல்லை. ஓரிடத்தில் மட்டும் நிறுத்தச் சொல்லிச் சிரித்தார்: "சித்திரையில எவன்யா சாமை அறுத்தான்?" ஆடி மழைக்கு விதைக்கிற பயிரை நான் கோடையில் அறுத்திருந்தேன். அதற்குப் பிறகு அந்த நாவலில் வேறெதையும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

மலையாளிப் பழங்குடிகளின் பூர்வ கதையை, தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். வேடர்கள் கவர்ந்துபோன ஏழு பெண்களை மீட்க, காஞ்சிபுரத்து வேளாளர் ஏழு பேர் ஏழு நாய்களோடு கிளம்புகிறார்கள். நாய்கள் மட்டும் திரும்பினால் எங்களுக்குக் கருமாதி செய்துவிடுங்கள் என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாலாற்று வெள்ளத்தைப் பார்த்து நாய்கள் திரும்பிவிடுகின்றன. வேடர்களைக் கொன்றுவிட்டு அந்த ஏழு பேரும் வீட்டுக்கு வந்தால், அங்கே காரியம் முடிந்திருக்கிறது. செத்தவர்களுக்கு ஊரில் இடமில்லை. வேடர் பெண்களையே மணந்துகொண்டு மலை ஏறுகிறார்கள்.

அபாரமான கதை. ஆனால் தன் ஆட்களைக் கொன்றவனோடு மலை ஏறிய அந்த வேடர் பெண்கள் வழியில் என்ன பேசிக்கொண்டார்கள்? தர்ஸ்டனில் அதற்கு ஒரு வரி இல்லை. நாவலாசிரியன் நுழைய வேண்டிய இடம் அதுதான். ஊரில் ஒரு பாட்டியிடம், புத்தகத்தைக் காட்டாமல், "நீங்க எங்கிருந்து வந்தீங்க?" என்று மட்டும் கேளுங்கள். அவர் வேறு கதை சொன்னால் அதையே எழுதுங்கள்.

இனி செம்மரம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டு 20 பேர் இறந்தார்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. நீங்கள் அந்தக் காட்டுக்குள்ளேயே கதையைக் கொண்டுபோய்த் துப்பாக்கிச் சத்தத்தோடு அத்தியாயத்தை முடிக்கிறீர்கள். அங்கே நீங்கள் இல்லை. அந்தப் பக்கங்களில் இருப்பதெல்லாம் செய்தித்தாள் மொழி. பதினேழாம் பக்கத்தில் ஒரு வரி மட்டும் உங்களுடையது: அப்பா கூலிக்குப் போன வாரத்திலிருந்து ஒரு பையன் பள்ளிக்கு வரவில்லை, வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே மூன்று வாரம் 'வரவில்லை' என்று போட்டுக்கொண்டே வருகிறார் ஆசிரியர், பெயரை அடிக்க மனசில்லை. அத்தியாயம் முழுவதிலும் அந்த ஆசிரியர் அந்த ஒரு வரியில்தான் வருகிறார். ஏன் அவரை ஒளித்துவைத்தீர்கள்? கீழேயிருந்து வந்தவர், சம்பளக்காரர், சனிக்கிழமையானால் பஸ் பிடித்து இறங்கிவிடுகிறவர். அவர் கண்ணுக்குத் தெரிந்த அளவு மலை போதும். தெரியாத இடத்தில் அவர் தடுமாறட்டும்.

திருத்தி எழுதியதும் அனுப்புங்கள். அதற்கு முன்னால் மலையில் யாரிடமாவது படித்துக் காட்டிவிடுங்கள். அவர் எந்த இடத்தில் சிரித்தார் என்பதையும் குறித்து அனுப்புங்கள்.