பந்தயத்துக்கு ஒரு போக்கிமான் கட்டு

பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று பாரீஸில் வாழும் புதுச்சேரிக் குடும்பத்தார் கோடை விடுமுறைக்கு ஊர் வரும்போது, அக்காள் பிள்ளைகளுக்கும் அண்ணன் பிள்ளைகளுக்கும் கொண்டுவரும் சாக்லெட், வாசனைத் திரவியம் முதலியவற்றுக்கிடையே, சில காலமாகப் போக்கிமான் சீட்டுப் பொட்டலங்களும் ஒரு ஸ்தானத்தைப் பெற்றிருக்கின்றன. 1996 அக்டோபரில் ஜப்பானில் பிறந்து, 1999-ல் ஆங்கில உருவம் எடுத்த இந்த ஆட்டம், பெரும்பாலான வீடுகளில் பளபளக்கும் சீட்டுகளை ஆல்பத்தில் செருகி வைத்து அழகு பார்ப்பதோடு நின்றுவிடுகிறது. அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் சீட்டுகளைக் கையில் ஏந்திப் பந்தயத்தில் உட்கார வேண்டும் என்று விரும்புகிற பிள்ளைக்கும், அந்தப் பிள்ளைக்குத் துணை நிற்க விரும்புகிற பெற்றோருக்கும், கட்டு அமைக்கும் கலையைப் படிப்படியாகச் சொல்லுவதே இங்கு என் உத்தேசம்.

ரம்மியில் எல்லோருக்கும் பொதுவான கட்டு ஒன்றுதான். வந்த சீட்டை வைத்துக்கொண்டு சாமர்த்தியத்தைக் காட்ட வேண்டும். இந்த ஆட்டத்திலோ ஒவ்வொருவரும் தத்தம் கட்டைத் தாமே அமைத்துக் கொண்டுவருகிறார்கள். ஆகையால் ஆட்டத்தில் ஏறக்குறைய பாதி, மேஜைக்கு வருமுன்பே வீட்டுக் கூடத்தில் முடிந்துவிடுகிறது.

விதிகளில் கட்டு அமைப்போர் மறக்கலாகாதவை சிலவே. கட்டில் சரியாக 60 சீட்டுகள் இருக்க வேண்டும். தாக்குதலுக்கு வேண்டிய சாதாரண எனர்ஜிச் சீட்டுகள் நீங்கலாக, ஒரே பெயருள்ள சீட்டு நான்குக்கு மேல் கூடாது. தொடக்கத்தில் கைக்கு 7 சீட்டு வரும். 6 சீட்டுகள் பரிசாகக் கவிழ்த்து வைக்கப்படும். எதிரியின் போக்கிமானை வீழ்த்துந்தோறும் பரிசை எடுத்துக்கொண்டு, ஆறையும் முதலில் எடுத்து முடிப்பவர் வெற்றி பெறுகிறார். ஈ.எக்ஸ். வகைப் போக்கிமான் வீழ்ந்தால் எதிரிக்குப் பொதுவாக இரண்டு பரிசு. ஒருவர் ஆடும் ஒரு முறைக்கு எனர்ஜி ஒன்று, டிரெய்னர் சீட்டுகளில் சப்போர்ட்டர் வகை ஒன்று என்ற வரம்பு உண்டு. டிரெய்னரிலேயே சேர்ந்த ஐட்டம் சீட்டுகளுக்கு அவ்வரம்பு இல்லை. இவற்றோடு, சீட்டின் இடது கீழ் மூலையில் அச்சிட்டிருக்கும் சிற்றெழுத்து ஒன்றையும் கவனிக்க வேண்டும். அந்த எழுத்து நடப்பிலுள்ள வரிசையில் சேராததாயின், எவ்வளவு அருமையான சீட்டானாலும் வழக்கமான பந்தயத்தில் அது பொதுவாகச் செல்லாது.

முதலில் செய்ய வேண்டியது, கட்டுக்கு ஒரே ஒரு நோக்கத்தைத் தேர்ந்துகொள்வது. உதாரணத்துக்கு, 2024 மே மாதத்தில் வெளியான ட்வைலைட் மாஸ்க்வரேட் தொகுதியிலுள்ள டிராகபல்ட் ஈ.எக்ஸ். என்னும் போக்கிமானை எடுத்துக்கொள்வோம். நெருப்பு எனர்ஜி ஒன்று, சைக்கிக் எனர்ஜி ஒன்று, ஆக இரண்டே எனர்ஜியைக் கொண்டு அது எதிரியின் முன்னணிப் போக்கிமானுக்கு 200 சேதம் விளைவிப்பதோடு, பெஞ்சு எனப்படும் பின்வரிசையில் அமர்ந்திருப்பவற்றின் மேல் இன்னும் 60 சேதத்தை நம் இஷ்டப்படி பகிர்ந்து போடவும் செய்கிறது. ஆனால் அது நேரே களத்தில் வந்து இறங்குவதில்லை; டிரீப்பி என்னும் சிறு போக்கிமான் முதலில் இறங்கி, டிராக்லோக்காக வளர்ந்து, அதன் பின்னரே டிராகபல்ட்டாக வேண்டும். இந்தக் கட்டின் நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: இரண்டு வண்ண எனர்ஜியோடு கூடிய டிராகபல்ட்டை எவ்வளவு சீக்கிரம் எழுப்பலாமோ அவ்வளவு சீக்கிரம் எழுப்பி, அது விழுமுன் அடுத்ததை ஆயத்தம் செய்து வைப்பது. நீங்கள் தேர்ந்த கட்டுக்கும் இத்தகைய வாக்கியம் ஒன்றை எழுதிப் பாருங்கள். எழுத வராவிட்டால், கையிலிருப்பது கட்டு அன்று, சேகரிப்புதான்.

இரண்டாவது, அந்த நோக்கத்துக்கு உயிர்நாடியான சீட்டுகளுக்கு எண்ணிக்கை வகுப்பது. இங்கேதான் ஆரம்பக்காரர்கள் பெரிதும் தடுமாறுகிறார்கள். ஏனெனில் பிடித்த சீட்டில் ஒவ்வொன்று வீதம் வைத்துக்கொள்ளவே மனம் இழுக்கிறது. கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. 60-ல் ஒரே ஒரு சீட்டு, தொடக்கத்தின் 7 சீட்டுக்குள் வந்து சேரும் வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டுக்கும் சற்றுக் குறைவு. அதே சீட்டு கவிழ்த்து வைத்த பரிசுகளுக்குள் அகப்பட்டுக்கொள்ளும் வாய்ப்போ சரியாக நூற்றுக்குப் பத்து. நான்கு பிரதிகள் வைத்தால் முதற்கையில் ஒன்றேனும் வரும் வாய்ப்பு 40 ஆகிறது. ஒரே வேலையைச் செய்யும் சீட்டுகள் இருவகையாகச் சேர்ந்து எட்டு இருக்குமாயின் 65. பன்னிரண்டு இருக்குமாயின் 81. அதிர்ஷ்டம் என்று நாம் பெயரிட்டு அழைக்கும் விஷயத்தில் எத்தனை பங்கு இந்த எண்களுக்குள் அடங்கிக் கிடக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தவர்கள், பிறகு ஒருபோதும் கையில் கிடைத்ததையெல்லாம் கட்டில் திணிக்க மாட்டார்கள்.

இதே கணக்கு இன்னோர் இடத்திலும் உதவுகிறது. முதற்கையில், டிரீப்பியைப் போல நேரே களத்தில் இறங்கக்கூடிய பேசிக் வகைப் போக்கிமான் ஒன்றுகூட இல்லாவிட்டால், கையை எதிரிக்குத் திறந்து காட்டி, மீண்டும் குலுக்கி, புதுக் கை எடுக்க வேண்டும்; அதன் பொருட்டு எதிரி ஒரு சீட்டு அதிகம் எடுத்துக்கொள்ளலாம். கட்டில் பேசிக் எட்டே இருந்தால் இந்த அவதி நூற்றுக்கு 35 முறை நேரும். பன்னிரண்டு இருந்தால் 19 முறைதான். என்றாலும் பேசிக்கைப் பெருக்கிக்கொண்டே போனால் வேறு எதற்கும் இடம் இராது. எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் நிற்பது உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

டிராகபல்ட் கட்டில் டிரீப்பி 4, டிராக்லோக் 4, டிராகபல்ட் 3 என்று பதினொன்றை வைப்பது பலரும் கைக்கொள்ளும் முறை. டிராகபல்ட் 3 போதும் என்பதற்குக் காரணம் உண்டு: ஒரே ஆட்டத்தில் நான்காவது டிராகபல்ட் எழும்பும்படி நேர்வது அபூர்வம். டிராக்லோக்கை மட்டும் குறைக்கலாகாது. அது வெறும் இடைப்படி அன்று. களத்திலுள்ள ஒவ்வொரு டிராக்லோக்கும் முறைக்கு ஒரு தடவை, கட்டின் மேலுள்ள இரண்டு சீட்டைப் பார்த்து ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, மற்றதை அடியில் தள்ளிவிட அனுமதிக்கிறது. இரண்டு டிராக்லோக் உட்கார்ந்துவிட்டால், வேண்டிய சீட்டு வந்து சேரும் வேகம் எதிரியைத் திகைக்க வைக்கும்.

அடுத்து, துணைப் போக்கிமான்களுக்கு ஏழு இடம் ஒதுக்கலாம். அவற்றுள் புட்யூ என்னும் சின்னஞ்சிறு மொட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. அதற்கு உயிர் 30 மட்டுமே. எனர்ஜி எதுவும் கேட்காமல் 10 சேதம் போடும். ஆனால் அடி வாங்கியவர் தம் அடுத்த முறையில் ஐட்டம் சீட்டு ஒன்றையும் பிரயோகிக்க முடியாது. முதலில் ஆடுபவருக்கு முதல் முறையில் தாக்கவும் சப்போர்ட்டரைப் பிரயோகிக்கவும் உரிமை இல்லை. இரண்டாவதாக ஆடுபவர் புட்யூவை முன்னிறுத்தி அப்போதே எதிரியின் கையைக் கட்டிவிடலாம். ஆல்பத்தில் யாரும் முதற்பக்கத்தில் செருகாத சீட்டு அது.

எனர்ஜி ஏழு போதும்: நெருப்பும் சைக்கிக்கும் நான்கும் மூன்றுமாக. ஆக 11, 7, 7 சேர்ந்து 25. மிச்சமுள்ள 35 இடங்களும் தேடித் தருவதற்கும், சீட்டு எடுப்பதற்கும், எதிரியைத் தொந்தரவு செய்வதற்குமான டிரெய்னர் சீட்டுகளுக்கே. பாஃபின் என்று சுருக்கிச் சொல்லப்படும் சீட்டு, உயிர் 70-க்கு மேற்படாத பேசிக் இரண்டைக் கட்டிலிருந்து நேரே பெஞ்சில் இறக்கிவிடும். டிரீப்பிக்கு உயிர் சரியாக 70 ஆதலால், இந்தக் கட்டில் பாஃபின் நான்கும் இருந்தே ஆக வேண்டும். இரண்டு சீட்டைக் கழித்து, விரும்பிய போக்கிமான் எதையும் தேடித்தரும் அல்ட்ரா பாலும், நடுப்படியைத் தாண்டி டிரீப்பியை நேரே டிராகபல்ட்டாக்கும் ரேர் கேண்டியும், எதிரியின் பெஞ்சில் ஒளிந்திருக்கும் போக்கிமானை முன்னுக்கு இழுக்கும் பாஸும் அடுத்த வரிசையில் நிற்கின்றன. ரேர் கேண்டியை முதல் முறையிலோ, அந்த முறையிலேயே இறங்கிய டிரீப்பியின் மீதோ பிரயோகிக்க முடியாது.

இவ்வாறு எழுதிக்கொண்டு போனால் பட்டியல் 65, 70 என்று நீண்டுவிடும். கழிப்பதே கடினமான வேலை. ஒவ்வொரு சீட்டையும் எடுத்து, நீங்கள் எழுதிய அந்த ஒற்றை வாக்கியத்துக்கு இது எந்த விதத்தில் சகாயம் செய்கிறது என்று கேட்க வேண்டும். ‘சில சமயம் உதவும்’ என்பதற்கு மேல் பதில் வராதவற்றைத் தயவு தாட்சணியம் இன்றி விலக்க வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் அழகான சீட்டுக்காக வாதாடுவார்கள். அதை ஆல்பத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

இனி, பிறர் என்ன கட்டோடு வருவார்கள் என்ற யோசனை. 2024 ஆகஸ்டில் ஹானலூலூவில் நடந்த உலகப் பந்தயத்தில் பெரியவர் பிரிவின் பட்டத்தை வென்ற சிலி நாட்டு இளைஞர் பெர்னாண்டோ சிபுவென்டெஸ், பலரும் பொருட்படுத்தாதிருந்த அயர்ன் தார்ன்ஸ் ஈ.எக்ஸ். கட்டைக் கொண்டு வந்திருந்தார். அந்தப் போக்கிமான் முன்னணியில் நிற்கும் வரையில், ஈ.எக்ஸ்., வி போன்ற பெரிய போக்கிமான்களின் விசேஷ சக்திகளில் மிகப் பெரும்பாலானவை முடங்கிவிடும். அந்தப் பருவத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த கட்டுகளோ பெரும்பாலும் அத்தகைய சக்திகளையே நம்பி நின்றன. தனியே பார்த்தால் முதல்தரமல்லாத சீட்டு, எதிரே உட்காரக்கூடியவர்களை உத்தேசித்துப் பார்த்தால் முதல்தரமாகிவிட்டது. ஆகவே உங்கள் 60-ல் மூன்று நான்கு இடங்களையேனும், அந்தப் பருவத்தில் மிகுதியாக ஆடப்படும் கட்டுகளை மறிப்பதற்கென்று ஒதுக்குவது நல்லது.

பட்டியல் ஆயத்தமான உடனே பணத்தைச் செலவிடாதீர்கள். காகிதத் துண்டுகளில் சீட்டின் பெயரையும் பலனையும் எழுதி, பழைய சீட்டுகளோடு உறையில் செருகி, வீட்டில் ஆடிப் பார்க்கலாம். பந்தயத்தில் இது செல்லாது, பழகுவதற்கு யாரும் தடுப்பதில்லை. போக்கிமான் டிசிஜி லைவ் என்னும் இலவசச் செயலியிலும் அதே பட்டியலை ஆடலாம். எதிரி இல்லாத வேளையில், கட்டைக் குலுக்கி 7 சீட்டை விரித்து, இரண்டாம் முறைக்குள் டிராகபல்ட் எழுமா என்று மாத்திரம் பார்த்து, மறுபடி குலுக்கி, மறுபடி விரித்துக்கொண்டே இருக்கலாம். கையில் வந்தும் பயனற்றுக் கிடந்த சீட்டுகளின் பெயரை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மும்முறை குறிக்கப்பட்டது விலகட்டும்.

வாங்கும்போது, பொட்டலம் பொட்டலமாகப் பிரித்து அதிர்ஷ்டத்தைத் தேடுவது கட்டு அமைப்பதற்கு மிக மோசமான வழி. வேண்டிய சீட்டை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்குவதும், லீக் பேட்டில் டெக் என்ற பெயரில் 60 சீட்டும் ஆயத்தமாக வரும் பெட்டியை வாங்கித் திருத்திக்கொள்வதும் சிக்கனமானவை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளிலும் ஃபேன்சி ஸ்டோர்களிலும் பொன்னிறத்தில் மின்னும் சீட்டுகளைக் கண்டு மயங்க வேண்டாம், அவை போலி. அசல் சீட்டின் நடுவே மெல்லிய கறுப்புத் தாள் படலம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். விளிம்பை வெளிச்சத்தில் உற்று நோக்கினால் அது கோடாகத் தெரியும். பிரான்சிலிருந்து வந்த பிரெஞ்சுச் சீட்டுகளின் முதுகு ஆங்கிலச் சீட்டின் முதுகை ஒத்ததே. ஆனால் லான்ஸோரியென் என்று அச்சிட்ட டிராகபல்ட்டை எதிரே இருப்பவர் வாசிக்க மாட்டாராதலால், அவற்றை அனுமதிப்பார்களா என்று பந்தயம் நடத்துவோரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, ஆங்கில வாசகத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். ஜப்பானியச் சீட்டின் முதுகு முற்றிலும் வேறு.

கடற்கரை ஊரில் ஆடுபவர்களுக்கு வேறோர் இடைஞ்சலும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் புதுச்சேரிக் காற்றின் ஈரம் சீட்டின் தாளுக்குள் ஏறுகிறது. பளபளப்புச் சீட்டின் மேற்படலமோ ஈரத்தை வாங்குவதில்லை. தாள் விரிய, படலம் விரியாமல் நிற்க, சீட்டு ஒரு பக்கமாக வில்போல் வளைந்துவிடுகிறது. கட்டை மேஜைமேல் வைத்து விளிம்பை நோக்கினால், வளைந்த சீட்டு இருக்கும் இடத்தில் கோடாக இடைவெளி தெரியும். அதைக் கண்டு வெட்டினால் டிராகபல்ட் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். நடுவர் இதை அடையாளமிட்ட சீட்டாகக் கொண்டு தண்டனை விதிக்கலாம். ஆகையால் பளபளப்பும் சாதாரணமும் இரண்டும் கிடைக்குமானால் சாதாரணத்தையே வாங்குங்கள். காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டைச் சீட்டுப் பெட்டியில் போட்டு வையுங்கள். முதுகு ஒளி ஊடுருவாத, ஒரே நிறத்து, ஒரே தயாரிப்பு உறைகளில் 60-ஐயும் செருகி, உறை ஒன்று கிழிந்தால் மாற்றுவதற்கு ஐந்தாறு உபரியும் எடுத்துச் செல்லுங்கள்.

பந்தயத்துக்கென்று சென்னைக்கோ பெங்களூருக்கோ போக நேர்ந்தால், முதல் நாள் இரவே சீட்டின் பெயர், தொகுதி, எண் ஆகியவற்றைப் பட்டியலாக எழுதி, கட்டோடு ஒப்பிட்டு எண்ணிவிட வேண்டும். பட்டியலும் கட்டும் வேறுபட்டால் கைக்கு வந்த ஆட்டமும் பறிபோகலாம். பெரிய பந்தயங்களில் மூன்றுக்கு இரண்டு வெல்லும் சுற்றுக்கு 50 நிமிடம் கொடுக்கிறார்கள். டிராகபல்ட்டைப் போன்று யோசனை மிகுந்த கட்டோடு வருபவர்கள் வேகமாக ஆடிப் பழகியிராவிட்டால், வெல்ல வேண்டிய ஆட்டமும் சமநிலையில் முடிந்துவிடும். ஊர் திரும்பியபின் திருத்துவதாயின் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று சீட்டுக்கு மேல் மாற்றாதீர்கள். பத்தை ஒருங்கே மாற்றினால் எது பலன் தந்தது என்பது விளங்காது. ஏப்ரல் வாக்கில் பழைய எழுத்துச் சீட்டுகள் ஆண்டுதோறும் விலக்கப்படுவதால், அதற்கு முந்தைய மாதங்களில் விலையுயர்ந்த பழைய சீட்டு எதையும் வாங்காமல் இருப்பது பணப்பைக்கு நல்லது.