திரைக்கு அருகில் யார்?

நமது பாடசாலைகளில் ‘திறன் வகுப்பறை’ என்னும் பெயர் இப்பொழுது அடிக்கடி அடிபடுகின்றது. புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவர்கள் பணம் சேர்த்து அனுப்புகின்றனர், மின்திரை பொருத்தப்படுகின்றது, நாடா வெட்டித் திறப்பு விழாவும் நடைபெறுகின்றது. நல்மனத்தோடு செய்யப்படும் கொடை இது என்பதில் ஐயமில்லை. ஆயினும், விழா முடிந்த அடுத்த வாரம் அத்திரைக்கு அருகில் யார் நிற்கின்றார், அவர் என்ன செய்கின்றார் என்று விசாரிப்போர் மிகச் சிலரே. பிள்ளைகளின் படிப்போ அந்தக் கேள்வியிலேயே பெரிதும் தங்கியிருக்கின்றது.

இதனை விளங்கிக்கொள்ளத் தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டுக்குச் செல்வோம். அங்கே பொயாக்கா மாநிலத்தின் மலைப்பகுதியிலே சுதாதென்சா என்றொரு சிற்றூர் உண்டு. 1947ஆம் ஆண்டில் ஹோசே ஹோவாக்கின் சல்செதோ என்னும் இளம் குருவானவர் அப்பங்குக்குத் துணைக்குருவாக வந்து சேர்ந்தார். மக்கள் ஏழைக் கமக்காரர். பெரும்பாலானோருக்கு எழுத்து வாசனை இல்லை. வீடுகளோ மலைச்சரிவுகளில் ஒன்றுக்கொன்று தூரத்தில் இருந்தன. எல்லோரையும் ஒரு பாடசாலைக்குக் கூட்டிவருவது நடவாத காரியம்.

வானொலித் தொழில்நுட்பத்தில் ஆர்வமுடைய அக்குருவானவர், சிறியதோர் ஒலிபரப்பியை அவ்வூரிலேயே இயக்கத் தொடங்கினார். இவ்வாறு பிறந்ததே ‘றேடியோ சுதாதென்சா’. (மக்கள் கூடுவதற்கு ஒரு மண்டபம் கட்ட எண்ணியபோது, கையில் காசில்லாத கமக்காரர் தங்கள் கோழிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்களாம். நமது பங்குகளில் கோயிலுக்கு நேர்ந்த கோழியை ஏலம் விடும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.)

வானொலிப் பெட்டியை வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டு, இனி நீங்களே படியுங்கள் என்று அவர் சொல்லிவிடவில்லை. ஒரு குடும்பமும் அயலவர் சிலரும் ஒரு வீட்டிலே கூடுவார்கள். பற்றரியில் இயங்கும் வானொலிப் பெட்டியொன்று, ஒரு கரும்பலகை, வெண்கட்டி, அரிச்சுவடி நூல் ஆகியவை அங்கே இருக்கும். இவற்றோடு, ஓரளவு வாசிக்கத் தெரிந்த ஒருவர் அந்தக் குழுவுக்கென நியமிக்கப்பட்டிருப்பார். ‘உடனிருக்கும் உதவியாளர்’ என்று அவரை அழைத்தார்கள். வானொலியில் ஆசிரியர் ஓர் எழுத்தைச் சொல்லும்போது அதைப் பலகையில் எழுதிக் காட்டுபவர் அவரே. கொப்பியை எட்டிப் பார்த்துத் திருத்துபவரும், வராதவரைத் தேடிப் போய் அழைப்பவரும் அவரே. அவருக்குச் சம்பளம் இல்லை. பட்டம் பெற்றவருமல்லர், தாம் கற்பிக்கும் அயலவரைவிடச் சிறிதே கூடுதலாகக் கற்றவர், அவ்வளவுதான். பங்குக்குருவானவர் இக்குழுக்களை மேற்பார்வை செய்தார். காலப்போக்கில் உதவியாளர்களையும் கிராமத் தலைவர்களையும் பயிற்றுவிக்க நிலையங்கள் எழுந்தன. 1958இல் கமக்காரருக்கென ஒரு வாரப் பத்திரிகையும் தொடங்கப்பட்டது. புதிதாக எழுதப் பழகியவர்களிடமிருந்து நிலையத்துக்குக் கடிதங்கள் இலட்சக்கணக்கில் வந்து குவிந்தன.

வானொலியில் பேசியவருக்குத் தம் முன்னே இருப்பவர் தலையாட்டுகின்றாரா, விழிக்கின்றாரா என்பது தெரிய வழியில்லை. அந்தக் குறையைப் பக்கத்தில் இருந்த உதவியாளர் நிரப்பினார். 1989இல் அந்த ஒலிபரப்பு நிலையங்கள் வர்த்தக நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டன. ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அம்முயற்சி நிலைத்திருந்தது.

அதே கண்டத்தில் பெரு நாடு செய்ததையும் பார்ப்போம். 2008இல் தொடங்கி, எட்டு இலட்சத்துக்கும் அதிகமான மடிக்கணனிகளை அந்த அரசு பாடசாலைகளுக்கு வழங்கியது. கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகள் 319இல் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவு 2012இல் வெளியானது. கணிதத்திலும் மொழியிலும் கணனி பெற்ற பிள்ளைகள் பெறாத பிள்ளைகளைவிட முன்னேறியிருக்கவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் சிறிது நன்மை காணப்பட்டது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சியோ, தொடர்ந்த உதவியோ கிடைக்கவில்லை. பல இடங்களில் புத்தகத்தில் இருந்ததைத் திரையில் பார்த்தெழுதும் வேலைக்கே கணனி பயன்பட்டது. அதற்குப் பென்சிலே போதுமே!

நம் நாட்டிலும் 2020 மார்ச்சில் நோய்த்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது கைத்தொலைபேசியே வகுப்பறையாயிற்று. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு தொலைபேசி இருந்த வீடுகளையும், அந்த ஒன்றையும் தகப்பன் தொழிலுக்குப் போகும்போது எடுத்துச் சென்ற வீடுகளையும் நாம் அறிவோம். தொலைபேசி இருந்த வீடுகளிலும் எல்லாப் பிள்ளைகளும் ஒரேயளவு படித்துவிடவில்லை. அருகில் அமர்ந்து, “இப்ப ரீச்சர் என்ன சொன்னவ? எங்கே, எழுதிக் காட்டு பார்ப்பம்” என்று கேட்பதற்கு அம்மாவோ அக்காவோ இருந்த பிள்ளை பாடத்தைப் பிடித்துக்கொண்டது. தனியே விடப்பட்ட பிள்ளை விளையாட்டுக்குத் தாவியது. குற்றம் பிள்ளையுடையதன்று.

பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் போதித்தது. 2025 ஜனவரியில் செயற்கை நுண்ணறிவு பற்றித் திருப்பீடம் வெளியிட்ட ‘அந்திக்குவா எத் நோவா’ என்னும் ஏடும், இக்கருவிகள் கல்விக்கு உதவக்கூடும் என ஏற்றுக்கொண்டு, ஆசிரியர் மாணவரோடு நேரில் இருப்பதற்கு எதுவும் ஈடாகாது என்று எடுத்துரைக்கின்றது. கேட்டவுடன் விடை தரும் கருவி, தேடிக் கண்டடையும் பழக்கத்தைப் பிள்ளையிடமிருந்து பறித்துவிடலாம் என்றும் எச்சரிக்கின்றது. இயந்திரத்தைப் பழிக்கும் நோக்கம் திருச்சபைக்கு இல்லை; இருந்திருந்தால் சுதாதென்சாக் குருவானவர் ஒலிபரப்பியைத் தொட்டிருக்கமாட்டார்.

ஆகவே, வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. திரைக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை அதைப் பயன்படுத்தும் ஆசிரியரின் பயிற்சிக்கும், பழுது பார்ப்பதற்கும் ஒதுக்கி வையுங்கள். அதிபரிடம் பெயர்ப் பலகையைப் பற்றிப் பேசுமுன், எந்த ஆசிரியர், எந்த வகுப்புக்கு, வாரத்தில் எத்தனை பாடவேளை என்று கேளுங்கள்.

பெற்றோர்க்குக் கணனி தெரியாதென்பது ஒரு தடையே அல்ல. உதவியாளருக்கு வேண்டியது பொறுமையும் பக்கத்தில் ஓர் இருக்கையுமே.

நமது பங்குகளிலே க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் இளைஞரும் யுவதிகளும் உள்ளனர். பங்கு மண்டபமோ மாலை வேளைகளில் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கின்றது. கிழமைக்கு இரண்டு மாலைகள் அதைத் திறந்து, ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒருவராக இவர்கள் அமர்வார்களேயானால், வீட்டில் தொலைபேசி இல்லாத பிள்ளையும் அங்கே வந்து படிக்கலாம். முன்வர விரும்புவோர் வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் தங்கள் பங்குத்தந்தையிடம் பெயரைக் கொடுப்பார்களாக.