இடைவெளி விட்ட எழுத்து

தெற்குத் தில்லியில் துக்ளகாபாத் வழியே செல்லும் சரக்கு ரயிலை நின்று பார்த்திருக்கிறீர்களா? பெட்டிகளின் பக்கங்களில் வெள்ளை வண்ணத்தில் எண்களும் எழுத்துகளும் பெரிதாகப் பதிந்திருக்கும். உற்று நோக்கினால் அவற்றுட் பல ஓரிரண்டு இடங்களில் அறுபட்டிருப்பது தெரியும். அது எழுதியவரின் கைப்பிழை அன்று.

தகட்டில் எழுத்தின் வடிவத்தை வெட்டி நீக்கி, அத்தகட்டைப் பெட்டியின்மேல் வைத்து வண்ணம் பூசினால் எழுத்துப் பதியும். இத்தகட்டை ஸ்டென்சில் என்பர். 'ட', 'ப' போன்ற திறந்த எழுத்துகளை வெட்டுவது எளிது. 'வ', 'ன' போன்றவற்றில் சுழி உண்டு. சுழியை முழுவதும் வெட்டினால் அதன் நடுப்பகுதி கழன்று விழும். சுழி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வண்ணத்திட்டே கிடைக்கும். ஆகவே நடுப்பகுதியைத் தாங்குவதற்கு மெல்லிய பாலம் ஒன்றை வெட்டாமல் விடுகின்றனர். அப்பாலமே எழுத்தில் இடைவெளியாகத் தெரிகிறது. சுழிகள் மிகுந்த தமிழில் பாலத்தை எங்கே அமைப்பது என்பது நுட்பமான கேள்வி. மெய்யெழுத்தின் புள்ளிக்கோ ஒரு துளை போதும். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் இடப்படாத புள்ளி, தகட்டில் எல்லாவற்றினும் எளியதாகிவிடுகிறது!

தேவையால் பிறந்த இவ்வடிவம் பின்னர் அழகுக்காகவும் விரும்பப்பட்டது. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹன்டர் மிடில்டன், ஜெர்ரி பவல் என்னும் இருவர் தனித்தனியே 'ஸ்டென்சில்' என்ற பெயரிலேயே அச்செழுத்துகளை வடிவமைத்தனர். தடித்த கோடுகளும் உருண்ட முனைகளும் கொண்ட அவற்றில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. அச்சில் கழன்று விழ எதுவும் இல்லை. ஆயினும் இடைவெளிகளை விட்டுவைத்தனர். படைத்தளம், துறைமுகம், தொழிற்சாலை ஆகியவற்றை நினைவூட்ட இவ்வெழுத்து நன்கு பொருந்தும். திருமண அழைப்பிதழில் கண்டால், விருந்துக்கு அழைக்கிறார்களா, மூட்டை இறக்க அழைக்கிறார்களா என்ற ஐயமே எழும்.

மீண்டும் ரயிலுக்கு வருவோம். ஒவ்வொரு சரக்குப் பெட்டிக்கும் 11 இலக்க எண் உண்டு. முதல் இரண்டு பெட்டியின் வகையையும், அடுத்த இரண்டு அது எந்த ரயில்வேக்கு உரியது என்பதையும், அடுத்த இரண்டு செய்யப்பட்ட ஆண்டையும் குறிக்கும். வடக்கு ரயில்வேக்கு 03, தெற்கு ரயில்வேக்கு 06. பின்வரும் நான்கும் பெட்டியின் தனி எண். இறுதி இலக்கம் சோதனைக்கு உரியது. வெயிலிலும் மழையிலும் வண்ணம் மங்கி, 8-இன் இடப்பக்கம் அழிந்தால் அது 3 போலத் தோன்றும். தவறாகப் படித்தால் ஒரு பெட்டிச் சரக்கு வேறொரு பெட்டியின் கணக்கில் ஏறிவிடும். அதைத் தடுப்பது இவ்விறுதி இலக்கமே.

பயிற்சிக்காக நாமே அமைத்த எண் 31060912347. முதல் பத்து இலக்கங்களுள் இரட்டை இடங்களில் உள்ளவற்றின் கூடுதல் 22. அதன் மும்மடங்கு 66. ஒற்றை இடங்களின் கூடுதல் 7. மொத்தம் 73. இதை 80 ஆக்க 7 வேண்டும். இறுதி இலக்கமும் 7. ஒன்பதாம் இடத்திலுள்ள 3-ஐ 8 எனப் படித்திருந்தால் மொத்தம் 78 ஆகும். இறுதியில் 2 இருந்திருக்க வேண்டும். பிழை உடனே வெளிப்பட்டுவிடும்.

செயல்பாடு: பழைய அட்டையில் உம் பெயரின் முதலெழுத்தை வெட்டி, வண்ணம் பூசுக. பாலத்தை எங்கே விட்டீர், ஏன் என்பதை ஐந்து வரிகளில் எழுதுக.